ஆட்டின் ஏழு குரல்கள்

என் பெரியம்மா எருசலேம் திருப்பயணம் போய்த் திரும்பியபோது யோர்தான் நதித் தண்ணீர் ஒரு குப்பி, ஒலிவ மரத்தில் செதுக்கிய சிலுவைகள் ஒரு டஜன், கூடவே ஓர் ஆட்டுக்கொம்பு கொண்டுவந்தார்கள். தண்ணீரும் சிலுவைகளும் ஒரே வாரத்தில் உறவினர் வீடுகளுக்குப் பங்காகிப் போய்விட்டன. கொம்பை யாரும் கேட்கவில்லை. "நீதானே கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறாய், நீயே வைத்துக்கொள்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளம். ஊதும் முனையில் மட்டும் மெருகேற்றியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் ஆட்டின் தலையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வரிவரியாகச் சொரசொரத்தது. வாயருகே கொண்டுபோனதும் ஒரு வாடை அடித்தது. மழை பெய்து ஓய்ந்த பிறகு ஆட்டுக்கிடையைக் கடந்துபோகும்போது வருமே, அந்த வாடை. ஊதினேன், வெறும் காற்றுதான் வந்தது. உதட்டை இறுக்கி, ஓரமாகச் சாய்த்துப் பல நாள் முயன்ற பிறகு ஒரு மாலை திடீரென்று அது கத்தியது. கத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். அதில் வருவது இரண்டு சுரம், மிஞ்சினால் மூன்று. ராகம் பிடிக்காது, பாட்டுக்குத் துணை வராது. ஆனால் அது எழுந்த கணத்தில் என் முதுகுத்தண்டு சிலிர்த்தது.

வேதாகமத்தில் 'எக்காளம்' என்று வாசித்தபோதெல்லாம் தேவதூதர் படங்களில் வரும் நீண்ட, பளபளக்கும் பித்தளைக் குழல்தான் என் மனத்தில் நின்றிருக்கிறது. சீனாய் மலையில் ஜனங்களை நடுங்க வைத்த எக்காளத்துக்கும், எரிகோவின் மதிலைச் சுற்றி ஏழு ஆசாரியர்கள் ஊதிய எக்காளத்துக்கும் எபிரெயத்தில் உள்ள பெயர் ஷோஃபார். அது இந்தக் கொம்புதான். செத்துப்போன ஓர் ஆட்டின் கொம்பு. இதை அறிந்த நாளிலிருந்து வேதத்தின் வாத்தியங்களைத் தேடித் தேடி வாசித்துவருகிறேன்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் 150-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லாமல் யாரும் மேல்வகுப்புக்குப் போனதில்லை. "வீணையோடும் சுரமண்டலத்தோடும் அவரைத் துதியுங்கள், தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள், யாழோடும் தீங்குழலோடும் அவரைத் துதியுங்கள்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். அந்தக் கருவிகளில் ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. கோயிலில் இருந்தது ஆர்மோனியம். பக்கத்துப் பெரிய கோயிலில் குழல் ஆர்கன் இருந்தது. இரண்டும் அந்தச் சங்கீதத்தில் இல்லை.

பின்னாளில்தான் அந்தப் பெயர்களுக்குள் நுழைந்து பார்த்தேன். நம் கைகளில் இருக்கும் பழைய வேதாகமம் 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்திய மொழிபெயர்ப்பு. அவர்களுக்கும் அவர்களுக்கு முன்னோடியான சீகன்பால்கு, பப்ரீசியஸ் போன்றவர்களுக்கும் முன்னால் ஒரு கடினமான கேள்வி இருந்திருக்கும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கானான் நாட்டில் ஒலித்த கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? நம் மக்கள் கேட்டுப் பழகிய கருவிகளின் பெயர்களையே எடுத்து வைத்தார்கள். தாவீது சவுலுக்கு முன்பாக வாசித்த 'கின்னோர்' சுரமண்டலம் ஆயிற்று. அதைப் போன்ற இன்னொரு நரம்புக் கருவியான 'நேவெல்' ஓரிடத்தில் வீணை, இன்னோரிடத்தில் தம்புரு. செங்கடலைக் கடந்த மிரியாம் கையில் எடுத்த 'தோஃப்' அங்கே தம்புரு. தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எடுத்துவரும்போது அதுவே மேளம்.

இந்தத் தம்புருதான் என்னை நெடுநாள் ஏமாற்றியது. தம்புரு என்றால் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தந்திக் கருவிதானே நமக்கு நினைவுக்கு வரும்? அதைத் தூக்கிக்கொண்டு மிரியாமும் பெண்களும் கடற்கரை மணலில் எப்படி ஆடினார்கள் என்று சிறுவயதில் யோசித்திருக்கிறேன். தோஃப் ஒரு கைப்பறை. வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டுவது. பெண்கள் அதைப் பிடித்து நிற்கும் சிறிய சுடுமண் உருவங்கள் இஸ்ரவேல் நாட்டு அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. தம்புருவை எடுத்துவிட்டுக் கைப்பறையை வைத்து யாத்திராகமம் 15-ஐ வாசித்துப் பாருங்கள், அந்தக் கடற்கரையே வேறாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் யூபால் என்பவன் "கின்னரக்காரர் நாகசுரக்காரர் யாவருக்கும் தகப்பனானான்" என்று எழுதினார்கள். நாகசுரம்! ராமா, கிருஷ்ணா என்று தெருவழியே சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஒலித்த கருவியின் பெயரைத் தயங்காமல் வேதத்தின் நான்காம் அதிகாரத்தில் வைத்தார்கள். தீர்க்கதரிசிகளின் கூட்டம் மலைமேடையிலிருந்து இறங்கி வரும்போது அவர்களுக்கு முன்னால் தம்புரும் மேளமும் நாகசுரமும் சுரமண்டலமும் போகும் என்று சாமுவேல் சவுலிடம் சொல்கிறான். சாலொமோன் அரசனானபோது ஜனங்கள் நாகசுரம் ஊதுகிறார்கள். அந்த வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாம் நாகசுரத்தைக் கோயில் வாசலோடு நிறுத்திவைத்தோம் என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எருசலேம் தேவாலயத்தில் ஒரு சாதாரண நாளில் வாத்தியங்கள் எப்படி ஒலித்தன என்பதை மிஷ்னா நூல் மிக நுணுக்கமாகச் சொல்கிறது. தேவாலயம் கி.பி. 70-இல் ரோமர்களால் இடிக்கப்பட்ட பிறகு, யூத போதகர்கள் வாய்மொழியாகக் காத்துவந்த மரபுகள் கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட நூல் அது. இடிந்துபோன வீட்டின் ஒவ்வொரு ஆணியும் எங்கே இருந்தது என்று பிள்ளைகள் நினைவுகூர்வதைப் போல அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குறைந்தது ஒன்பது கின்னோர் வேண்டும். அதற்குமேல் எத்தனை கூடினாலும் சரி. நேவெல் இரண்டுக்குக் குறையக் கூடாது, ஆறுக்கு மேல் போகக் கூடாது. கைத்தாளம் ஒன்றே ஒன்று. மேடையில் நிற்கும் லேவியர், அதாவது தேவாலயப் பணிக்கான குலத்தார், பன்னிரண்டு பேருக்குக் குறையக் கூடாது. லேவியரின் சின்னஞ்சிறு பிள்ளைகளும் பாட வருவார்கள். அவர்களுக்கு வாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான். பாட்டுக்குச் சுவை சேர்க்க வந்தவர்கள் என்கிறது மிஷ்னா. அவர்கள் மேடையில் ஏறாமல் தரையில் நிற்பார்கள். அவர்களுடைய தலைகள் லேவியரின் கால்களுக்கு நடுவே தெரியும். இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எங்கள் பாடகர் குழுவின் முன்வரிசைச் சிறுவர்கள் என் கண்முன் வந்து நிற்கிறார்கள்.

காலைப் பலி பலிபீடத்தின்மேல் ஏறிய பிறகு திராட்சரசம் வார்க்கும் நேரம் வரும். பூரிகைகள் என்னும் வெள்ளி ஊதுகுழல்களோடு இரண்டு ஆசாரியர்கள் நிற்பார்கள். நீண்ட ஒலி, துண்டுதுண்டான ஒலி, மறுபடி நீண்ட ஒலி. பிறகு அவர்கள் கைத்தாளக்காரரின் வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவராகப் போய் நிற்பார்கள். பிரதான ஆசாரியர் ரசத்தை வார்க்கக் குனிவார். அவருடைய துணைவர் துணியை அசைப்பார். பென் அர்சா என்ற கைத்தாளக்காரர் தாளத்தை ஒரு தட்டுத் தட்டுவார். லேவியர் பாடத் தொடங்குவார்கள். ஞாயிறு என்றால் 24-ஆம் சங்கீதம், திங்கள் என்றால் 48. ஒரு பகுதி முடிந்ததும் பாட்டு நிற்கும். பூரிகை ஒலிக்கும். ஜனங்கள் முகங்குப்புற விழுந்து பணிவார்கள். பிறகு அடுத்த பகுதி.

இதில் யார் எப்போது ஒலிக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. பாட்டின்போது பூரிகை பேசுவதில்லை. பூரிகை பேசும்போது பாட்டு இல்லை. கைத்தாளத்தின் வேலை தொடக்கத்தைச் சொல்வது. பூரிகையின் வேலை 'இப்போது பணி' என்று சொல்வது. மோசே செய்த இரண்டு வெள்ளிப் பூரிகைகளைப் பற்றி எண்ணாகமம் 10-இல் ஒரு சொல் வருகிறது: அவை தேவனுடைய சமுகத்தில் உங்களுக்கு "ஞாபகக்குறியாக" இருக்கும். சபையைக் கூட்டவும், பாளயத்தைக் கிளப்பவும், யுத்தத்தில் அபயமிடவும், பலியின்மேல் ஊதவும் அதே பூரிகைதான். அதைக் கேட்டால் உடம்பு ஏதாவது செய்தாக வேண்டும்: கூட வேண்டும், எழ வேண்டும், விழ வேண்டும்.

இன்று நாம் ஆராதனைகளில் கீபோர்டின் ஒரே சுருதியை ஜெபத்துக்கும் பிரசங்கத்தின் முடிவுக்கும் காணிக்கைக்கும் அடியில் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நானும் வாசிப்பவன்தான். வாத்தியம் எப்போது நிற்கிறது என்று யாருக்கும் தெரியாத ஆராதனையில் அது எப்போது தொடங்கியது என்றும் யாருக்கும் தெரிவதில்லை. சங்கீதங்களில் 71 இடங்களில் வருகிறதே 'சேலா' என்ற சொல், அது பாட்டு நின்று வாத்தியம் ஒலிப்பதற்கான குறிப்பு என்று பலர் கருதுகிறார்கள். சங்கீதத் தலைப்புகளில் 'இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட' என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. நிற்கவும் தொடங்கவும் ஒருவர் கைகாட்டிய ஆராதனை அது.

1968-இல் எருசலேம் தேவாலயக் குன்றின் தென்புறத்தில் பெஞ்சமின் மசார் என்ற ஆய்வாளர் தோண்டியபோது, ரோமர்கள் மேலிருந்து தள்ளிவிட்ட கற்களுக்கிடையே செதுக்கப்பட்ட எழுத்துகளோடு ஒரு கல் கிடைத்தது. 'எக்காளமிடும் இடத்துக்கு' என்று அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டொரு எழுத்து, அதோடு கல் உடைந்துவிட்டது. ஓய்வுநாள் தொடங்குவதையும் முடிவதையும் மதில்மேல் நின்று ஓர் ஆசாரியர் ஊதி அறிவிப்பார் என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருந்தார். அவர் நின்று ஊதிய மூலைக்கல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த ஒலி பள்ளத்தாக்கில் இறங்கும்போது கடைக்காரர் கதவைச் சாத்தியிருப்பார், வயலில் இருந்தவர் மண்வெட்டியைத் தோளில் போட்டிருப்பார். பூரிகைகளை ரோமர்கள் என்ன செய்தார்கள் என்பதும் தெரியும். ரோமாபுரியில் தீத்துவின் வெற்றி வளைவில், குத்துவிளக்கோடும் சமுகத்தப்ப மேசையோடும் அவற்றை வீரர்கள் தூக்கிப் போவதைச் சிற்பமாகவே வடித்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி போய்விட்டது. கொம்பு மிஞ்சியது. இன்றும் யூத ஜெப ஆலயங்களில் புத்தாண்டு நாளில் ஷோஃபார் ஊதுகிறார்கள். அதில் துண்டுதுண்டாக வரும் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று, மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூதில் ஒரு விவாதம் இருக்கிறது. பெருமூச்சைப் போலவா, விம்மலைப் போலவா? அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று சிசெராவின் தாய். நியாயாதிபதிகள் 5-இல், போருக்குப் போன மகன் திரும்பி வராமல் பலகணி வழியாகப் பார்த்துப் புலம்பினாளே, அவள். அவள் இஸ்ரவேலின் எதிரியைப் பெற்றவள். அந்த எதிரியின் தாய் அழுத அழுகையைக் கொண்டு தங்கள் தேவனுக்கு முன் ஊதும் ஒலியின் அளவைத் தீர்மானித்தார்கள். இதை முதன்முதலாக வாசித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

மிஷ்னாவிலேயே இன்னோர் இடத்தில் யோசுவா என்ற ரபியின் வாக்கு ஒன்று வருகிறது. ஆட்டுக்கடா உயிரோடு இருக்கும்போது அதற்குக் குரல் ஒன்று. செத்த பிறகு குரல் ஏழு. இரண்டு கொம்பும் இரண்டு ஊதுகருவிகள். இரண்டு கால் எலும்பும் இரண்டு குழல்கள். தோல் பறைக்கு. பெருங்குடல் நேவெலின் நரம்புக்கு. சிறுகுடல் கின்னோரின் நரம்புக்கு. எண்ணிப் பாருங்கள், ஏழு.

இதை வாசித்த பிறகு 150-ஆம் சங்கீதம் எனக்கு வேறாகிவிட்டது. அதில் உள்ள கருவிகளில் கைத்தாளத்தை விட்டால் மற்றவையெல்லாம் உயிரோடு இருந்த ஏதோ ஒன்றின் உடம்பிலிருந்து வந்தவை. கொம்பு, குடல், தோல், நாணல், மரம். பலிபீடத்தின்மேல் ஆடு எரிந்துகொண்டிருக்கும்போது அதன் இனத்தின் குடலும் கொம்பும் சற்றுத் தள்ளிப் பாடிக்கொண்டிருந்தன. எசேக்கியா ராஜா தேவாலயத்தைச் சுத்திகரித்த நாளில் சர்வாங்க தகனபலி தொடங்கிய நேரத்தில்தான் கர்த்தரைத் துதிக்கும் கீதமும் தொடங்கியது என்று 2 நாளாகமம் 29 சொல்கிறது. பலியும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தன. "சுவாசமுள்ளதெல்லாம் கர்த்தரைத் துதிப்பதாக" என்று அந்தச் சங்கீதம் முடியும்போது, சுவாசம் நின்றுபோனவையும் அதற்கு முன்பே துதித்து முடித்திருக்கின்றன.

எங்கள் கோயில் மிருதங்கத்துக்கு மூட்டு மாற்ற வேண்டியிருந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு தொட்டியில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. உள்ளே நுழையும்போதே வாடை. என் பெரியம்மா கொடுத்த கொம்பில் வந்த அதே வாடை, நூறு மடங்காக. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் இரண்டையும் அடுக்கடுக்காக வைத்து, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டினார். காலால் மிருதங்கத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு வாரை இழுக்கும்போது அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கை கல்லாகக் காய்த்திருந்தது. வலப்பக்க முகமான வலந்தலையில் கரணை என்ற கருஞ்சாந்தை இடுவதற்கு முன் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் இயேசுவின் படம் தொங்கியது. தஞ்சாவூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் கட்டுகிறவர்களில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருப்பது பலருக்கும் தெரியும். சபா மேடைகளில் ஒலிக்கும் அந்த நாதம் அவர்களுடைய முற்றத்தில் பிறக்கிறது. தோலைத் தொட்ட கை என்பதற்காகவே அவர்கள் பட்ட அவமானமும் தெரியும்.

இனி, நான் தள்ளிப்போட்டுவந்த கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆர்மோனியம் வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். அந்தச் சபையின் ஒரு தெருப் பிள்ளைகள் ஆறு மாதம் பறை பழகியிருந்தார்கள். பவனியில் நெற்கதிர், வாழைத்தார், பூசணி எல்லாவற்றுக்கும் முன்னால் ஆறு பேர் அடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல கட்டுப்பாடான அடி. கால் தானாக அதற்கு ஏற்ப நடந்தது. வாசல் வந்ததும் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. உள்ளே ஆர்மோனியம் இருக்கிறது." பின்னாலிருந்து இன்னொருவர் சொன்னார்: "சாவுக்கு அடிப்பதைக் கோயிலுக்குள் கொண்டுவருவார்களா?"

பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. ஆறு பறைகளையும் மதிலோரம் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தேன். முதல் கீர்த்தனை தொடங்கியபோது, அவர்களில் ஒருவன் முன்பெஞ்சின் முதுகில் ஆட்காட்டி விரலால் ஓசை வராமல் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சாவுக்கு அடிப்பது. அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு எருசலேமுக்குப் போய்ப் பார்ப்போம். 'ஹலீல்' என்பது நாணலிலோ எலும்பிலோ செய்த ஊதுகுழல். நம் வேதாகமம் நாகசுரம் என்று சொல்வது பல இடங்களில் இதைத்தான். இஸ்ரவேலில் மிக ஏழையானவன்கூடத் தன் மனைவியின் அடக்கத்துக்குக் குறைந்தது இரண்டு ஹலீலும் ஒரு புலம்பற்காரியும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மிஷ்னாவில் ரபி யூதா சொல்கிறார். யவீருவின் மகள் இறந்த வீட்டில் இயேசு கண்ட "தாரை ஊதுகிறவர்கள்" இவர்கள்தான். மோவாபுக்காகத் தன் இருதயம் நாகசுரம்போல் துயரமாய்த் தொனிக்கும் என்று எரேமியாவில் வாசிக்கும்போது நமக்குக் குழப்பம் வருகிறது. நம் ஊரில் அது கல்யாண வாத்தியம் அல்லவா! அங்கே அது சாவுவீட்டின் குழல். அதே ஹலீல்தான் ஆண்டில் பன்னிரண்டு நாள் தேவாலயப் பலிபீடத்துக்கு முன்னால் ஒலித்தது: பஸ்கா ஆடு அடிக்கும் இரண்டு நாள், பஸ்காவின் முதல் நாள், வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகையின் எட்டு நாள். நேற்று இழவுவீட்டில் அழுத குழல் இன்று பலிபீடத்தண்டை. அதைக் கழுவிவிட்டு வா என்று யாரும் சொன்னதாக எங்கும் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. தோஃப் என்ற கைப்பறை தேவாலய லேவியரின் வாத்திய வரிசையில் இல்லை. நாளாகமத்தில் தாவீது ஏற்படுத்திய வரிசையிலும் நேவெல், கின்னோர், கைத்தாளம்தான். மிஷ்னாவின் கணக்கிலும் பறை இல்லை. பறை தெருவில் இருந்தது, பெண்களின் கையில் இருந்தது. யெப்தாவின் மகள் அதை எடுத்துக்கொண்டு தகப்பனை எதிர்கொண்டாள். போரிலிருந்து திரும்பிய சவுலையும் தாவீதையும் ஊர்ப் பெண்கள் அதோடு வரவேற்றார்கள். 68-ஆம் சங்கீதத்தில் தேவனுடைய பவனியைச் சுற்றிலும் கன்னிகைகள் அதை வாசித்து நடக்கிறார்கள். ஆக, எருசலேமிலும் பறை வாசல்வரை வந்து நின்றதுதான் போலிருக்கிறது. ஆனால் சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் கடைசிப் பக்கத்தில், "தேவனை அவருடைய பரிசுத்த ஸ்தலத்தில் துதியுங்கள்" என்று தொடங்கும் சங்கீதத்தில், லேவியரின் நேவெலுக்கும் கின்னோருக்கும் அடுத்த வரியிலேயே பெண்களின் கைப்பறையையும் ஆட்டத்தையும் எழுதி வைத்தார்கள். மதிலோரம் சாய்த்து வைத்திருந்ததை எடுத்து உள்ளே கொடுத்துவிட்டார்கள் என்றே நான் அதை வாசிக்கிறேன்.

புதிய ஏற்பாட்டுச் சபையில் வாத்தியம் ஏது என்று கேட்பவர்களையும் நான் மதிக்கிறேன். பவுலும் சீலாவும் சிறையில் நள்ளிரவில் பாடியபோது காலில் தொழுமரம் இருந்தது, கையில் வாத்தியம் ஒன்றும் இல்லை. கிறிசோஸ்தோம் போன்ற ஆதித்திருச்சபைப் பிதாக்கள் வாத்தியங்களை ஏற்கவில்லை. கிழக்கத்திய வைதீகத் திருச்சபைகளில் பெரும்பாலானவை இன்றும் வெறும் குரலில் பாடுகின்றன. சூரிக் நகரில் 1527-இல் சீர்திருத்தக்காரர்கள் ஆர்கனையே உடைத்து அகற்றினார்கள். தமிழ்நாட்டிலும் வாத்தியமின்றிப் பாடும் சபைகள் உண்டு. அவர்களுடைய நான்கு குரல் பாட்டைக் கேட்டு நான் கண்கலங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் கீழே வைத்துவிடுவது ஒரு நேர்மையான நிலை. ஆர்மோனியம் தூய்மையானது, பறை தீட்டு என்பதில் எனக்கு எந்த நேர்மையும் தெரியவில்லை. ஆர்கன் எங்கிருந்து வந்தது? ரோமாபுரியில் மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்ற களியாட்ட அரங்குகளில் அது ஒலித்தது. கோயிலுக்குள் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. ஆர்மோனியம் 1842-இல் பாரீசில் காப்புரிமை பெற்ற கருவி; தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி அழுத்தும்படி அதைக் கல்கத்தாவில் மாற்றினார்கள். 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்குமேல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டிருந்தது. ஒவ்வொரு கருவியும் யாரோ ஒருவரின் வாசலில் ஒருநாள் நின்றிருக்கிறது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு இதைத் தன் வாழ்நாள் வேலையாகவே செய்தார். கிராமத்து மெட்டில் ஆராதனை முறைமை எழுதி, பறையை உள்ளே கொண்டுவந்து, அதை ஜனங்கள் வாயில் பாடவும் வைத்தார். அவர் போன பிறகும் பல சபைகளில் அந்த வாசல் அடைத்தே இருக்கிறது.

அறுப்பின் பண்டிகை முடிந்து வீட்டுக்கு வந்த இரவு ஆமோஸ் புத்தகத்தைத் திறந்தேன். தெக்கோவாவின் ஆடு மேய்ப்பவன் அவன். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன்" என்று தேவன் அவன் வாயால் சொல்லும்போது, சுருதி சேரவில்லை என்றோ தவறான கருவி என்றோ சொல்லவில்லை. மூலத்தில் அங்கே இருப்பது நேவெல். தேவாலயத்தில் அனுமதி பெற்ற, லேவியர் வாசிக்கும் அதே நேவெல். சரியான கருவி, சரியான இடம், பயிற்சி பெற்ற கை, எல்லாம் இருக்கின்றன. அடுத்த வரியில்தான் காரணம் இருக்கிறது: நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவர வேண்டும். அன்று நான் வாசித்த கீர்த்தனை மிகச் சுத்தமாக அமைந்திருந்தது. எல்லோரும் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். மதிலோரம் ஆறு பறைகள் இருந்தன.

அந்தப் பிள்ளைகளை மறுபடி நான் பார்த்தது டிசம்பரில். அதிகாலைப் பஜனை தெருத்தெருவாகப் போகும். தெரு யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அங்கே அவர்களை யாரும் நிறுத்துவதில்லை. மூன்றரை மணிக்கு நான் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, காய்ந்த பனையோலையைக் குவித்துத் தீ மூட்டியிருந்தார்கள். பனியில் தோல் தொய்ந்திருந்தது. பறையை நெருப்புக்கு நேராகப் பிடித்து, மெல்லத் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டினார்கள். மொத்தென்று கிடந்த ஓசை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி ஏறியது. பெஞ்சில் விரலால் தாளம் போட்டவன் தன் பறையை என் பக்கம் நீட்டினான். "தொட்டுப் பாருங்கள், அண்ணே."

உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைப் போலச் சூடாக இருந்தது. மழைநாள் ஆட்டுக்கிடையின் வாடை புகையோடு கலந்து எழுந்தது. அவன் சிண்டுக்குச்சியால் ஒருமுறை தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டான். இன்னும் போதாது என்று தலையசைத்துவிட்டு மறுபடி தீயின் பக்கம் திருப்பினான். நான் ஆர்மோனியத்தின் துருத்தியைத் திறக்காமல் காத்திருந்தேன்.